எண்பத்தேழாம் பக்கத்துக் காந்தம்

கண்டக்டர் விசில் ஊதி வாயை எடுப்பதற்குள் டிரைவர் வண்டியை வெடுக்கென்று கிளப்பிவிட்டார், நின்றுகொண்டிருந்த சனம் மொத்தமும் பின்னால் சாய்ந்து முன்னால் வந்தது, அடப்பாவி இப்படியா எடுப்பே என்று யாரோ ஒரு அம்மாள் கத்தினாள், தையல்நாயகி மட்டும் கத்தவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்தவர்கள் வண்டியோடு சேர்ந்து உடனே நகர்ந்தார்கள். அவர்கள்மேல் சாய்ந்திருந்தவர்கள் அப்புறம். நடுவில் எதையும் பிடிக்காமல் போனில் பேசிக்கொண்டு நின்ற பச்சைச் சட்டைக்காரருக்கு வண்டி கிளம்பிய சேதி கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததும் பக்கத்து ஆள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். தட்டை வெடுக்கென்று இழுத்தால் அதன்மேல் இருக்கிற திரவத்தில் தட்டை ஒட்டியிருப்பது முதலில் நகரும், தள்ளியிருப்பது பிறகு நகரும், ரொம்பத் தள்ளியிருப்பதற்குத் தட்டு நகர்ந்ததே தெரியாது. அவள் தீசிஸில் மூன்றாம் அத்தியாயம், இரண்டாவது படம். ஒன்பது வருஷமாக இதே பைத்தியம், எங்கே எது கிளம்பினாலும் எது எப்போது நகர்கிறது என்று பார்ப்பது, குக்கர் விசிலில், கோயில் வரிசையில், கல்லூரி மணியடித்ததும் வாசலை நோக்கி ஓடுகிற பெண்பிள்ளைகளில். சே, இன்றைக்காவது சும்மா இருக்கக் கூடாதா. இன்றைக்குப் பதினொரு மணிக்குத் தஞ்சாவூரில் வைவா. பட்டுக்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தையல்நாயகி, வயது நாற்பத்தாறு, தன் பி.எச்டி. தீசிஸுக்காக நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டிய நாள். பக்கத்து சீட்டில் புருஷன் வைரக்கண்ணு, மடியில் பெரிய எவர்சில்வர் தூக்கு, தூக்கு நிறைய ரவா கேசரி. வைவா என்றால் பரீட்சை எழுதப் போகிறவளே பரீட்சை வைக்கிறவர்களுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும், அது யார் போட்ட சட்டமோ. கேசரி, வடை, ரெண்டு பொன்னாடை, ஒன்று கைடுக்கு, ஒன்று வெளியூரிலிருந்து கேள்வி கேட்க வருகிற எக்ஸ்டர்னலுக்கு. மனுசன் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குத் தெரியாது. எண்பத்தேழாம் பக்கம் அவருக்குத் தெரியாது. காலையில் ஐந்து மணிக்கு டிகாக்‌ஷன் இறங்கட்டும் என்று நின்ற நேரத்தில் தீசிஸைப் பிரித்தாளே, ஏன் பிரித்தாள், எடுத்த கையை முறிக்க. பைண்டிங் செய்து வந்த பிறகு அதைப் பிரிக்கவே கூடாது என்று கைடு சந்தானகிருஷ்ணன் சார் எத்தனை தடவை சொன்னார், பிரித்தா கண்ணுல ஏதாவது படும்மா, படாம இருக்கறதுதான் நிம்மதி என்று. பட்டுவிட்டது. நாலாம் அத்தியாயம், முதல் பத்தி, மூன்றாவது வரி. காந்தம் தட்டோடு கூடவே நகர்கிறது என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இருக்கிற சமன்பாட்டிலோ காந்தம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. எழுத்தில் நடக்கிறது, கணக்கில் நிற்கிறது. என்ன கூத்து இது. ஒரு வரிதானே என்று யாராவது சொல்லலாம், சொல்லட்டும், சொல்கிறவர்களுக்கு என்ன. மின்சாரம் கடத்துகிற திரவம் காந்தத்தின் பிடியில் இருந்தால், காந்தம் நிற்கிறதா நடக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நின்றால், ஓடப் பார்க்கிற திரவத்தை எங்கேடா போறே என்று பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். தட்டோடு கூட நடந்தால், வா வா என்று திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்று இழுத்து நிறுத்துகிறது, இன்னொன்று கூட்டிக்கொண்டு போகிறது, தலைகீழ். நாலு படங்களும் முடிவுரையும் நிற்கிற காந்தத்துக்கு, அத்தியாயத்து முன்னுரை மட்டும் நடக்கிற காந்தத்துக்கு. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு, குறி போச்சுன்னா கணக்கே போச்சு என்று சிவப்பு மையால் சுழித்திருக்கிறாள். போன மாதம்கூட அந்தக் குட்டைப் பெண், சாந்தரூபி, மிஸ் ஒரே ஒரு மைனஸ்தானே மிஸ் என்று அழாத குறையாகக் கேட்டது, அந்த ஒரே ஒரு மைனஸ்தான் என்று நீட்டி முழக்கிப் பதில் சொன்னாள், இப்போது அந்தப் பெண் இந்தப் பஸ்ஸில் இருந்தால் நன்றாக இருக்கும்.

பாப்பாநாடு, பாப்பாநாடு இறங்குறவங்க எழுந்து வாங்க என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டினார். இன்னும் ஒரு மணி நேரம். சொல்லாவிட்டால் என்ன. தீசிஸைப் படித்து அறிக்கை தந்த ரெண்டு பேரும் கவனிக்கவில்லை, கைடு கவனிக்கவில்லை, ஒன்பது வருஷம் அதோடு குடித்தனம் நடத்திய இவளே கவனிக்கவில்லை. கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, பொன்னாடையைப் போட்டுவிட்டு, கேசரியைக் கொடுத்துவிட்டு டாக்டர் தையல்நாயகி என்று வீடு திரும்பலாம், புத்தகம் ஏதோ ஒரு நூலக அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடக்கும், யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். சொன்னால்? திரும்ப எழுதிக்கொண்டு வா என்று எக்ஸ்டர்னல் சொல்லிவிட்டால்? பதிவுக்கு ரெண்டு தடவை அவகாசம் நீட்டி வாங்கியாகிவிட்டது, இந்த மாதக் கடைசியோடு அது முடிகிறது, மூன்றாவது தடவை கிடையாது. முடிந்தால் முடிந்ததுதான், ஒன்பது வருஷமும் வாய்க்காலில் விட்ட மாதிரி, மறுபடி முதலிலிருந்து, நாற்பத்தாறு வயதில். காலையில் எதுவும் சாப்பிடவில்லை, இவர் ரெண்டு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார், ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று, வேண்டாம் போங்க என்று சிடுசிடுத்தாள், பாவம். அப்புறம் அந்தப் போர்டு. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. தூக்கை எடுக்கக் கதவுக்குப் பின்னால் போனவள் கண்ணில், செய்தித்தாள் சுற்றிச் சுவரில் சாய்த்துவைத்த பலகை பட்டது, எனாமல் வாடை குப்பென்று அடித்தது, ஓரத்தை விலக்கிப் பார்த்தால், முனைவர் வை. தையல்நாயகி. நீலத்தில் எழுதி வெள்ளையில் நிழல் கட்டியிருந்தது. கடை போடுவதற்கு முன்னால் போர்டு எழுதிப் பிழைத்த கை, இப்போது பெயிண்ட் டப்பா விற்கிற கை, பதினைந்து வருஷமாகத் தூரிகையைத் தொடாத கை. எப்போது எழுதினார், எங்கே ஒளித்துவைத்தார். பார்க்காத மாதிரி செய்தித்தாளைப் பழையபடி மூடிவிட்டு வந்தாள்.

அந்த வரி அவர் எழுதினது, அதுதான் இதில் ஆகப் பெரிய சங்கடம். தீசிஸ் இங்கிலீஷில் இருந்தாலும் சுருக்கம் தமிழிலும் வேண்டும் என்றார்கள், இவளுக்குக் கணக்கு வரும், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுதச் சொன்னால் பேனா நகராது. இவள் சொல்லச் சொல்ல அவர் அச்சுக் குத்தின மாதிரி எழுதினார். தலைப்பிலேயே ரகளை. திடீரென நகர்த்தப்பட்ட தட்டின் மேல் மின்சாரம் கடத்தும் திரவம் என்றதும், எங்கேர்ந்து எங்க கடத்துறாங்க, போலீசு புடிக்காதா என்றார். போங்க நீங்க. தட்டு என்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையே வெடுக்கென்று இழுத்துக் காட்டினார், ரசம் பாதி தட்டில், பாதி வேட்டியில், இதுக்கா ஒம்பது வருசம், நான் ஒரு நிமிசத்துல காட்டிட்டேன் பாரு என்று வேட்டியை உதறிக்கொண்டே சிரித்தார். ஆனால் அவருக்கு விளங்காது என்று சொல்ல முடியாது. இந்தக் கணக்கே அவர் கடையில் ஆரம்பித்ததுதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, கட்டியாக நின்ற பெயிண்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டே, கலக்குனா இளகும், சும்மா விட்டா இறுகும், தண்ணி மாரி கிடையாது, இதுக்குன்னு ஒரு குணம் இருக்கு என்றார். நியூட்டன் சொன்ன விதிக்குத் தண்ணீர் கட்டுப்படும், பெயிண்ட் கட்டுப்படாது. புத்தகத்தில் படித்து மனப்பாடம் பண்ணி பாஸானவள் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தாள், அவர் குச்சியை எடுத்த பிறகும் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், சோறு ஆறுதுடி என்று அவர் சொல்லும்வரை.

சுருக்கம் எழுதின அந்தச் சாயங்காலம் காந்தம் நிலையா இருக்கு என்றாள் இவள். எதுல நிலையா, தட்டுலயா என்று கேட்டார் அவர். இவள் ம் என்றாள். அந்த ம். அதுதான் குற்றவாளி. மனசு அடுத்த அத்தியாயத்தில் இருந்தது, அடுப்பில் பால் இருந்தது, வாய் பாட்டுக்கு ம் என்றது. இரும்புத் தகட்டோடும் டப்பாவோடும் புழங்குகிற மனுசனுக்கு, காந்தம் என்றால் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், தகடு போனால் கூடவே போகும், இதில் என்ன சந்தேகம். காந்தம் தட்டோடு கூடவே செல்கிறது என்று குண்டு குண்டாக எழுதினார். ஆறு மாதம் கழித்து அவசரத்தில் நாலாம் அத்தியாயத்துக்கு இங்கிலீஷ் முன்னுரை எழுதும்போது இவள் அந்தத் தமிழைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினாள், ஏனென்றால் அவர் தமிழ் இவள் தலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. ஆக அவர் தப்பில்லை, கேட்டுவிட்டுத்தானே எழுதினார். ஆனால் இதை இப்போது சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும். என்னாலயா, என்னாலயா என்று வீட்டுக்குப் போய்ப் போர்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார், ரெண்டு நாள் வெறும் மோர்சாதம் தின்பார், எனக்குத் தெரியாதா என் மனுசனை.

தெரியுமா? நிஜமாகவே தெரியுமா? இத்தனை வருஷமும் இவரை நிற்கிற காந்தம் என்றுதானே மனசுக்குள் எழுதிவைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் இரு இரு, பாத்துக்கலாம் என்பார். ஸ்கூட்டர் பழகணும், இரு. அம்மா வீட்டுக்குப் போகணும், இரு. முப்பத்தேழு வயதில் பி.எச்டி. பதியப் போகிறேன் என்றதற்கும் இரு என்றார், அன்றைக்கு எவ்வளவு கோபம், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். மறுநாள் கல்லூரி விட்டு வந்து பார்த்தால் பின்னறையில் அடுக்கியிருந்த டப்பாவெல்லாம் காலி, பழைய கதவுப் பலகை ஒன்றைத் தேய்த்து வார்னிஷ் அடித்து மேசையாகப் போட்டிருந்தார், இரு என்றதற்கு அதுதான் அர்த்தம்போல, இரு, இடம் பண்ணித் தர்றேன். அப்புறம் தஞ்சாவூர் போய் வருகிற நாளெல்லாம் கடையை ஏழு மணிக்கே சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நின்றார். மாவாட்டக் கற்றுக்கொண்டார், உப்பைத்தான் இன்றுவரை அளவாகப் போடத் தெரியாது. இவள் நகர்ந்த போதெல்லாம் அவரும் நகர்ந்திருக்கிறார். கூடவே வருகிற ஆள் நகர்கிறாரா என்பது கூடப் போகிறவளுக்கு எப்படித் தெரியும், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குப் பக்கத்து சீட் நிற்கிற மாதிரிதானே தெரியும். கண் கரித்தது. ஜன்னல் வழியாகத் தூசி என்று துடைத்துக்கொண்டாள்.

"என்ன, பயமா இருக்கா?" என்றார் வைரக்கண்ணு. "ம்" என்றாள். அவர் விடவில்லை. "இது எந்த ம்மு? கேட்டுட்டுச் சொன்னதா, கேக்காம சொன்னதா?" என்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரத்தநாடு கடைத்தெருவில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, பூக்காரி ஒருத்தி ஜன்னலுக்கு நேராக முல்லைச் சரத்தை நீட்டினாள், அந்த வாசனையிலோ என்னவோ வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஏங்க, தீசிஸ்ல ஒரு தப்பு இருக்குங்க" என்று ஆரம்பித்து, நிற்கிற காந்தம், நடக்கிற காந்தம், கழித்தல் குறி, மாதக் கடைசி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். யார் எழுதின வரி என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேசரித் தூக்கின் மூடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஊரைத் தாண்டிய பிறகு, "அந்த வரி நான் எழுதுனதுல்ல?" என்றார். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. "இல்லைங்க, நான்தான் ம்னு சொன்னேன்" என்றாள் அவசரமாக. "நீ எதுக்குத்தான் ம் சொல்லல. போன வருசம் முன் ரூமுக்கு ஊதாக் கலர் அடிக்கட்டுமான்னு கேட்டேன், ம்ன்ன. அடிச்சப்புறம் மூணு நாளு எங்கிட்ட பேசல" என்றார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள், சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது, என்ன கண்றாவி இது, வைவாவுக்குப் போகிற மூஞ்சியா. அவர் முகம் வாடத்தான் வாடியது, ஆனால் இவள் நினைத்த மாதிரி ஆளே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. தூக்கை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, "சரி, நெசமாவே காந்தம் கூடவே போனா என்னா ஆவும்? அதைப் போட்டுப் பாத்தியா?" என்றார்.

போட்டுப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை, காலையிலிருந்து தப்பு தப்பு என்று பயந்தாளே தவிர, அந்த வரி உண்மையாக இருந்தால் என்ன என்று கேட்கவே தோன்றவில்லை. திரவத்தின் வேகத்தை அப்படியே எடுக்காதே, தட்டு எவ்வளவு வேகம், திரவம் அதற்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, அந்த வித்தியாசத்தை எடு. எடுத்தால், அட, சமன்பாடு அதே சமன்பாடு. அதே கழித்தல் குறி. ஆரம்ப நிலையும் ஓரத்து நிலையும்தான் இடம் மாறுகின்றன. அவள் கணக்குப் போட்ட வழி அப்படியே செல்லுபடியாகும், ரெண்டு பக்கத்தில் முடித்துவிடலாம். விரல் தானாகத் தூக்கின் மூடிமேல் எழுத ஆரம்பித்தது, ரோட்டுத் தூசி படிந்த எவர்சில்வரில் எழுத்து நின்றது. தட்டுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற திரவம் என்ன ஆகும்? தட்டு அதைத் தொடவே போவதில்லை, நிற்கிற காந்தத்தில் அது கடைசிவரைக்கும் அசையாது. நடக்கிற காந்தத்தில், இரு இரு, அங்கேயும் காந்தம் இருக்கிறதே, அங்கேயும் இழுக்குமே, மெல்ல மெல்ல அதுவும் நகரும், நகர்ந்து நகர்ந்து தட்டின் வேகத்துக்கே வந்து சேரும். தட்டு தொடாததும் தட்டோடு போகும். "ஏங்க" என்றாள், மூச்சு வாங்கியது, "நீங்க எழுதினதுதாங்க அழகா இருக்கு. என் கணக்கைவிட நல்லா இருக்கு."

"அப்ப தப்பில்லையா?" "தப்புதான். எழுதினது ஒண்ணு, போட்ட கணக்கு ஒண்ணு. சொல்லணும்." சொன்ன பிறகுதான் தான் முடிவு செய்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. எக்ஸ்டர்னல் கேட்பதற்கு முன்னால், வணக்கம் சொன்ன கையோடு, எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது என்று ஆரம்பிக்க வேண்டும். திருத்தம் இது, விடை இது, ஏற்றுக்கொண்டால் சரி. ஏற்றுக்கொள்ளாவிட்டால்? பயம் எங்கேயும் போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறது, ஆனால் நிமிர்ந்து உட்கார முடிகிறது. "எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்னா சொல்லுவே?" "தெரியலைங்க." "வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் கடைன்னு சொல்லு" என்றார் அவர் வெகு தீவிரமாக. அவள் அவர் கையில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போர்டைப் பாத்தேன்" என்றாள். மனுசனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது, ஐம்பத்திரண்டு வயதில். "எனாமல் காய மூணு நாளாவும்னு முன்னாடியே எழுதுனேன்" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். "இன்னைக்கி இல்லைன்னு ஆயிட்டா?" "அதுக்கென்ன, நல்லாக் காயட்டும். அவசரத்துல மாட்டுனா கைரேகை விழுந்துரும்."

புது ஆற்றுப் பாலம் வந்தது, இன்னும் கால் மணி நேரம்தான். சுருக்கமாகவாவது இப்போதே எழுதிவிட வேண்டும், வைவா நடக்கிற கல்லூரி வாசலில் இறங்கினால் ஆளாளுக்குப் பேச்சுக் கொடுப்பார்கள். பையிலிருந்து தீசிஸை எடுத்தாள், அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொடுத்தார், எண்பத்தேழாம் பக்கத்து ஓரத்தில் வைத்தால், பள்ளத்தில் வண்டி குதித்ததில் பேனா கோணிக்கொண்டு போய் ஒரு கீறல் விழுந்தது. ஐயோ. அவர் தூக்கைக் காலடியில் இறக்கி ரெண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புத்தகத்தை வாங்கித் தன் உள்ளங்கைகளில் ஏந்தினார், முழங்கை அவள் பக்கத்தில் அழுந்தியது. "எழுது." வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, அவரும் புத்தகத்தோடு இடப்பக்கம் சாய்ந்தார். "ஆடாமப் புடிங்க" என்றாள், பழைய சிடுசிடுப்பில். "பஸ்ஸு ஆடுது, பேனா புடிக்கிற நீ ஆடுறே. நான் மட்டும் கல்லு மாரி உக்காந்தா எழுத்து கோணிக்கும். கூடவே ஆடுனாத்தான் நேரா வரும்" என்றார் வைரக்கண்ணு, எத்தனையோ சாரத்தில் தொங்கிக்கொண்டு எத்தனையோ போர்டு எழுதியவர். "போர்டு எழுதுன எவனும் சொல்லுவான் இதை. இன்னுமா ஒனக்குப் புரியல?" "ம்" என்றாள் தையல்நாயகி, கேட்டுவிட்டுச் சொன்ன ம். வண்டி குதித்தது, அவர் குதித்தார், புத்தகம் குதித்தது, அவள் கையும் கூடவே குதித்தது. வித்தியாசத்தை எழுதினாள், அடுத்து கழித்தல் குறியைப் போட்டாள். கோடு ஆடவில்லை.